ஊசியைத் தூக்கிய கை

ஞாயிறுப் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஆறு பேருக்கு இதை எழுதுகிறேன். சபையின் ஆண்டு விழா மலருக்கு ஒரு பழைய நினைவு எழுதித் தரும்படி செயலாளர் போனில் கேட்டார். மலரில் முக்கால் பங்கு மலையாளமாம், தமிழுக்கு நாலே பக்கமாம், அதில் இரண்டு எனக்காம். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. அடங்கினாலும் அச்சடிக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கும் ஆளுக்கொரு நகல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

செயலாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ரிக்கார்டு சாரின் பேரன். பதமாகப் பேசும் பையன்தான். "பழசெல்லாம் மறந்து ஒரு நல்ல கட்டுரையா எழுதித் தாங்க ஆன்ட்டி" என்றான். பழசை மறந்துவிட்டு நினைவுக் குறிப்பு எப்படி எழுதுவது என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

முதலில் மாமியைச் சொல்கிறேன். அப்பாவின் மூத்த அக்கா. அப்பாவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நம் பக்கத்தில் அத்தையை மாமி என்றுதானே கூப்பிடுவோம். கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டின் தெற்கு அறையில் இருந்தாள். உங்களுக்கெல்லாம் அவளைக் கண்டால் குலைநடுக்கம். கோவிலுக்கு வரமாட்டாள். வராமல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் நேரம் பார்த்து உரலில் வற்றல் மிளகாய் இடிப்பாள். எங்கள் வீட்டுக்கும் கோவிலுக்கும் இடையே ஒரு வாழைத் தோட்டம்தான். காற்று கிழக்கே அடித்தால் சபை மொத்தமும் தும்மும். கர்த்தருடைய ஜெபத்தை அந்தக் காலத்தில் நம் சபை ஒருநாளும் தும்மாமல் முடித்ததில்லை.

மற்ற நாட்களில் லேஸ் பின்னுவாள். மிஷன் வீட்டு அம்மாக்கள் பழக்கிவிட்ட வேலை. மடியில் ஒரு உருளைத் திண்டு, அதில் நிறைய ஊசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள் இருபது முப்பது தொங்கும். குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும்போது டக் டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஒழுங்கற்ற சத்தம் இல்லை, கணக்காக வந்து ஒரு இடத்தில் விழும். அது தாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. மாமி பாடி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவளுக்கு நாக்கில் விஷம் என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன்.

இனி ரிக்கார்டு சார். பள்ளிக்கூடத்தில் சார், கோவிலில் பாடகர் குழுத் தலைவர், நம் காரோடு கிராமத்தில் நல்ல மனிதர். மூக்குப்பொடி வாசனையும் சிரித்த முகமும். பாட வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சுச் சுளை மாதிரி நாரங்கா மிட்டாய் கொடுப்பார். எனக்கு எப்போதும் இரண்டு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை மறைத்து எழுதினால் நான் பொய்க்காரி ஆவேன்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே பைத்தியம் இசைத்தட்டு. வீட்டில் நெல் போடுகிற பெரிய பத்தாயத்தில் நெல்லுக்குப் பதில் தட்டுகளைச் செங்குத்தாக அடுக்கி, நடுநடுவே வேப்பிலை போட்டு வைத்திருந்தார். பத்தாயத்தைத் திறந்தால் தட்டுகளின் அரக்கும் பழைய நெல்லும் வேப்பிலையும் கலந்த ஒரு மணம் வரும். வீடுகளில் ரேடியோ வந்து கிராமபோன்கள் பரணுக்குப் போன காலம் அது. சார் விடுமுறை நாட்களில் ஒரு கட்டுக் குடையோடு பஸ் ஏறுவார். நாகர்கோவில், சுசீந்திரம், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பழைய வீடுகளாகப் பார்த்துப் போவார். ஒரு குடை கொடுத்து ஒரு கட்டு ரிக்கார்டு கொண்டுவருவார். மழை நாட்டில் குடைக்கு மயங்காத வீடு உண்டா?

தட்டைப் பரிசோதிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். விளிம்பில் விரல்நகத்தை ஓட்டுவார். பிறகு காதருகே வைத்து விரலால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்ல தட்டு, மங்கலாகக் கேட்டால் எங்கோ விரிசல். பெரிய மனிதர்கள் கார் போட்டு வந்து அவரிடம் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டு போவார்கள். காசை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், அது கேவலமாம்.

நான் சொல்லவந்தது எனக்குப் பதினொரு வயதான வருஷத்து ஐப்பசி. அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பழக நாம் தினமும் மத்தியானத்துக்கு மேல் சார் வீட்டுக்குப் போனோம், ஞாபகம் உண்டா? மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு மழை வரும். கோவிலில் இருந்த பழைய ஆர்கனை எலி தின்று தீர்த்திருந்தது, பாதிக் கட்டைகள் பேசாது. சார் சுருதிக்கு டியூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையைத் தட்டி மேஜையில் ஊன்றி வைப்பார்.

கிராமபோன் ஊசி ஒரு பாட்டுக்கு ஒன்றுதான். ஓடி முடித்த ஊசியை ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார். நான் அந்த ஊசிகளைக் கேட்டு வாங்கி மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேஸ் திண்டில் குத்த அவை தோதாக இருந்தன. எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் எல்லா ஊசியையும் தலை வரைக்கும் இறுக்கிக் குத்தினாள். நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நீங்களெல்லாம் மழைக்கு முன்பே ஓடிவிட்டீர்கள். நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். சார் நல்ல மனநிலையில் இருந்தார். பத்தாயத்தின் அடியிலிருந்து பழைய பட்டுத்துணியில் சுற்றிய ஒரு தட்டை எடுத்தார். "இது ராஜா காலத்துல பாடின ஒரு பெரிய பாட்டுக்காரிக்கதாக்கும். உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். கைப்பிடியை நான் சுற்றினேன்.

கரகரவென்று எண்ணெய் காயும் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அனந்தபுரத்துச் சாமியைப் பற்றிய கீர்த்தனை. வார்த்தை எனக்குப் புரியவில்லை, கோவிலில் அதுமாதிரி கேட்டதும் இல்லை. ஆனால் அந்தக் குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் நின்றபோது என் தொண்டையும் தானாக அதே இடத்துக்குப் போய் நின்றது. எப்படி என்று தெரியவில்லை. மழை பெய்வதே மறந்துபோயிற்று.

பாட்டு முடிந்த அந்த நொடியில் சார் ஊசியைத் தூக்கிவிட்டார். மற்றத் தட்டுகளையெல்லாம் கடைசி வளையம் வரை ஓடவிட்டு, கர் கர் என்று சுற்றியபிறகுதான் தூக்குவார். இன்னும் விரல் அகலத்துக்குக் கோடு மிச்சம் இருந்ததை நான் பார்த்தேன்.

"இன்னும் இருக்கே சார்?"

"அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல மக்கா. ஊசி வெறுதே தேஞ்சு போவும்."

தூர எறியப் போகிற ஊசி தேய்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மூன்றாவது மிட்டாய் கிடைத்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மிட்டாயைச் சப்பிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குள் ஏறினேன். தெற்கு அறையில் குச்சிச் சத்தம் நின்றது. மாமி திண்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது எங்க கேட்ட பிள்ளே?"

சொன்னேன். தட்டின் நடுவே ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்த பெரிய பாடகியின் பெயரையும் சொன்னேன். மாமி கீழே இருந்த திண்டில் ஒரு ஊசியை இன்னும் அழுத்திக் குத்தினாள். பிறகு கேட்டாள், "கடைசி வரை ஓடிச்சா?"

"இல்ல. சார் ஊசியத் தூக்கிட்டாரு."

"தூக்குவான்" என்றாள் மாமி. அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொன்னாள். திட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னதால் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

மாமி பதினேழு வயதில் ஒரு பிடில்காரரிடம் பாட்டுப் பழகினாள். அவர் கோவில் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர், இந்து. ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் திருவனந்தபுரத்தில் ஒரு பங்களா எடுத்து ஆட்களைப் பாடவைத்துப் பதிந்தபோது, அவர் மாமியைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் மெழுகில் பதிந்து வெகுதூரம் அனுப்பித்தான் தட்டு வார்ப்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நம் மொழி தெரியாது. யார் பாட்டு எது என்று குழம்பாமல் இருக்க, பாடியவரே கடைசியில் தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட வேண்டும். மாமியும் சொன்னாள். அவளுக்கென்று ஒரு தட்டு அனுப்பிக் கொடுத்தார்கள். கடைகளில் அது விற்கவில்லை, வேறு யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது ஊரில் கிராமபோன் இருந்தது ஒரே ஒரு வாலிபனிடம். நம் ரிக்கார்டு சார்தான். ஒருநாள் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று தட்டை வாங்கிப் போனார். போனது சபைக் கமிட்டிக்கு. ஹாலில் கிராமபோனை வைத்து, மூப்பர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நம் சபைப் பெண் வேறு சாமியைப் பாடியிருக்கிறாள். அது நான் இல்லை என்று அவள் சொல்லவும் வழியில்லை, கடைசியில் அவள் வாயாலேயே பெயரைச் சொல்லியிருக்கிறாளே. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுக் காட்டினாராம்.

ஒரு வருஷம் திருவிருந்து கிடையாது. கோவிலில் இனி ஒருநாளும் பாடக்கூடாது. நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பாமலே விலகிக்கொண்டார்கள். தட்டு திரும்பி வரவில்லை.

"அவரு ஏன் மாமி அப்படிச் செஞ்சாரு?"

"அவன் பொண்ணு கேட்டு வந்தான். எனக்கு வேண்டாம்னேன். அம்புட்டுதான்."

இதுதான் விஷயம். உங்கள் அம்மாக்களும் என் அம்மாவும் மாமியைப் பற்றி வாயைப் பொத்திக்கொண்டு பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு ஆண், ஏதோ ஒரு கேடு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டு, அவ்வளவுதான். நாற்பது வருஷம் அந்த மனுஷன் அவள் பொருளைத் தன் பத்தாயத்தில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்கு எதிரிலேயே நல்லவனாக நடந்தான். பதினொரு வயதில் எனக்கு முதல்முதலாக ஒரு மனிதனை வெறுக்கத் தெரிந்தது. அந்தப் பாடம் நன்றாக ஏறியது, இன்றுவரை மறக்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் சார் பாட்டுப் பழக்கத்தின் நடுவே ஒரு செய்தி சொன்னார். திருவனந்தபுரத்து வக்கீல் ஒருவர், பெரிய ரிக்கார்டு சேகரிப்புக்காரர், நம் கோவிலுக்குப் புத்தம்புது ஆர்கன் தரப்போகிறார். பதிலுக்குச் சார் அந்த அபூர்வத் தட்டைத் தருகிறார். ஆர்கனில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும், சாருடைய அப்பாவின் நினைவாக மகன் அளித்தது என்று. நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கம்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். தாளில் வேறு பெயர் வந்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தன் தட்டின் தாளை ஊறவைத்து உரித்துவிட்டு, உடைந்துபோன வேறொரு தட்டின் தாளை ஒட்டியிருக்கிறான். பெரிய பாடகியின் காணாமல்போன தட்டு என்றால்தானே வக்கீல் ஆர்கன் தருவார், ஊர்பேர் தெரியாத பெண்ணின் தட்டுக்கு யார் தருவார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான். அங்கே போய்க் கடைசிவரை ஓடவிட்டாலும் கம்பெனிக்காரர் தப்பு என்று சொல்லிவிடலாம், அந்தப் பெயரை அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. தட்டு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிட்டால் மாமியின் தொண்டை காலாகாலத்துக்கும் இன்னொருத்தியின் பெயரில்தான் பாடிக்கொண்டிருக்கும்.

"வக்கீலு எடுத்துட்டுப் போறதுக்கு முன்ன ஒருக்கா போட்டுக் கேப்பாரா?"

"கேப்பாரு. ஹால்ல வச்சு, எல்லாருக்கும் முன்னால. கைப்பிடி சுத்த என்னத்தான் சொல்லியிருக்காரு."

மாமி குச்சிகளை எடுத்து நாலு தடவை மாற்றிப் போட்டாள். "அவன் கை ஊசிக்குப் போவாம பாத்துக்கோ. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

பண்டிகைக்கு முந்தின நாள் காலை. லாரியில் ஆர்கன் வந்து, சாக்குக் கட்டோடு ஹாலின் நடுவில் இருந்தது. தகடு தெரிய மட்டும் சாக்கைக் கிழித்துவிட்டிருந்தார்கள். மூலையில் ஏலத்துக்கு வந்த பூசணியும் மரச்சீனிக் கிழங்கும் குலைகுலையாக வாழையும், காலைக் கட்டிப்போட்ட சேவல்களும். கமிட்டி முழுவதும் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தது. வக்கீல் ஒல்லியான மனிதர், வெள்ளை ஜிப்பா. வந்ததிலிருந்து எதையும் பார்க்கவில்லை, கிராமபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வைக்கூ சாரே" என்று தட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சுற்றினேன். பாட்டு வந்தது. சேவல்கள்கூட அடங்கிவிட்டதாக எனக்கு ஞாபகம், அது உண்மையாக இருக்காது. சார் எனக்குப் பக்கத்தில் ஸ்டூலில், வலது கை மேஜை விளிம்பில் தயாராக. பாட்டு கடைசி ஏற்றத்தை எடுத்து இறங்கி நின்றது. கை எழும்பியது. என் வாய்க்கு நேராகத்தான் வந்தது.

கடித்தேன்.

இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் கடித்தேன். மூக்குப்பொடி காரம் நாக்கில் ஏறியது. சார் கத்தினார். யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. இந்தச் சந்தடிக்கு நடுவே தட்டு தன்பாட்டுக்கு ஓடியது. ஒரு மூச்சு. ஒரு சின்ன செருமல். பிறகு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தெளிவாகத் தன் ஊரையும் பெயரையும் சொன்னாள். அந்தப் பெயரை நான் இன்னும் எழுதவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

என் பின்னலை இழுத்த கை தளர்ந்தது. அந்தப் பெயரை அறியாத ஒருவர் அங்கே வக்கீல் மட்டும்தான்.

"இது ஆருடெ பேராணு?" என்று கேட்டார்.

சார் கையை உதறிக்கொண்டு, "கம்பெனிக்காருக்குத் தெற்றியதாணு" என்று தப்பைக் கம்பெனி தலையில் போட ஆரம்பித்தார்.

"தெற்றல்ல சாரே. அது ஞானாணு."

தப்பில்லை, அது நான்தான் என்று வக்கீலுக்கு விளங்க மலையாளத்தில் சொன்னபடி வாசலில் மாமி நின்றிருந்தாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஹாலுக்குள் கால் வைக்கிறாள். தன் கையால் பின்னிய லேஸ் வைத்த வெள்ளைச் சேலை. வக்கீல் எழுந்து நின்று கைகூப்பினார். எனக்குத் தெரிந்து மாமியைப் பார்த்துக் கைகூப்பிய முதல் ஆள் அவர்.

நடந்ததெல்லாம் அவருக்கு ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவர் நியாயமான மனிதர், இதையும் சொல்லவேண்டும். நான் தேடியது இதுவல்ல, ஆனால் இப்படி ஒரு குரல் இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது, இது அதைவிடப் பெரிது என்று மலையாளத்தில் சொன்னார். ஆர்கன் இங்கேயே இருக்கட்டும், அம்மா சம்மதித்தால் தட்டைக் கொண்டுபோய் அவர் பெயரிலேயே எல்லாருக்கும் கேட்கச் செய்கிறேன் என்றார்.

கமிட்டித் தலைவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. "அப்பம் எல்லாம் நல்லதுக்குத்தான். பழசு விடு. நாளைக்குப் பண்டிகைக்கு நீயே வந்து ஒரு பாட்டுப் பாடு" என்றார். ஒருவரும் தப்பாயிற்று என்று சொல்லவில்லை. சார் கையைக் கைக்குட்டையால் சுற்றியபடி, சிரிக்கக்கூடச் செய்தார். "நான் பத்திரமா வச்சிருந்ததினாலதானே இது மிஞ்சிச்சு."

நான் மாமியைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் துள்ளல். நாளை அவள் கோவிலில் பாடுவாள், நான் அவள் பக்கத்தில் நிற்பேன் என்று மனதுக்குள் இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

மாமி போய்க் கிராமபோனிலிருந்து தட்டை எடுத்தாள். நடுவே ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கமிட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணு பேரைக் கேட்டு என்னத் தள்ளினிய. இண்ணு பாட்டைக் கேட்டு எடுக்கப் பாக்கிய. ரெண்டும் எனக்கதாக்கும்."

ஆர்கனின் மூலையில், அந்தப் பித்தளைத் தகட்டுக்கு மேலேயே, ஒரே போடு. சட்டி உடைகிற சத்தம்தான். இரண்டு பெரிய துண்டு, ஒரு சின்னச் சில்லு. மாமி திரும்பி நடந்துவிட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பாவாடையில் பொறுக்கினேன். அழுதேன். சில்லு வக்கீலின் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, என் கையில் வைத்து, "சூட்சிச்சு வச்சோ மோளே" என்று பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் ஆர்கன் லாரியில் ஏறிப் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாள் பாவி என்று ஊரே சொன்னது. நீங்களும் சொன்னீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், என் காதுபடச் சொன்னவள் உங்கள் ஆறு பேரில் ஒருத்தி.

அப்பா ஈர்க்கில் கற்றையால் என் கால் இரண்டையும் வரிவரியாக ஆக்கினார். சாயங்காலம் மாமி தேங்காய் எண்ணெய் தடவ வந்தாள். மன்னிப்பு, ஆறுதல் ஒன்றும் கிடையாது.

"பல்லு நல்லா பதிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"உண்டு" என்றேன்.

மாமி சிரித்தாள். அவள் பல் வரிசை எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். நல்ல வரிசை.

பல் பதிந்தது உண்மை. நாலு பல் தழும்பு. அதன்பிறகு சாகிறவரை ஒவ்வொரு ஞாயிறும் சார் பாட்டு நடத்த வலது கையைத் தூக்கினபோதெல்லாம், அது சபைக்கு நேராகத் தெரிந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு பாடுவேன். ஆர்கன் கடைசிவரை வரவில்லை. அவருடைய அடக்க ஆராதனையும் அந்த இரும்புக் கவைச் சுருதியில்தான் நடந்தது. எனக்கு அன்று நல்ல பசி, இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

ஆனால் மாமியை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். கையில் வந்த வெற்றியை உடைத்துவிட்டாளே என்று. அவளுக்குச் சித்தம் சரியில்லை என்று ஊர் சொன்னபோது எதிர்த்துப் பேசவில்லை. நெய்யாற்றின்கரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் கருவி மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். எத்தனையோ சமாதானப் பேச்சு கேட்டேன். தப்புச் செய்தவன் "பழசு விடு" என்று சொல்வதும், அடிபட்டவர் மறுமுனையில் சத்தமில்லாமல் இருப்பதும். அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக் கேட்டுத்தான் மாமி எனக்கு விளங்கினாள். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். சபைக் கல்லறையில் இடம் தந்தார்கள், வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தாள். எங்கள் அயினி மரத்தடியில் கிடக்கிறாள்.

துண்டுகள் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தன. என் வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டியதில்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். பழைய ரிக்கார்டு சேகரிக்கிறவன், போனிலேயே உலகம் முழுக்கத் தட்டு மாற்றுகிறவன். வக்கீல் வீட்டார் விற்ற ஒரு பழைய நோட்டில் மாமியின் பெயரும் ஊரும் எழுதி, கீழே "உடைந்தது. ஒரு தடவை கேட்டேன்" என்று இருந்ததாம். தேடிக்கொண்டு வந்துவிட்டான். துண்டுகளுக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். இங்கே மாற்று வியாபாரம் கிடையாது, உன் மெஷினை இங்கே கொண்டுவா என்றேன்.

கொண்டுவந்தான். துண்டுகளைப் பலகையில் சேர்த்து, சில்லையும் பொருத்தி, ஊசி வைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசலில் ஊசி ஏறி டக் டக் என்றது. கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம் ஆன்ட்டி என்றான். தொடாதே என்றேன். அது லேஸ் குச்சிச் சத்தம் மாதிரியே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மாமி பாடினாள், முழுக்க, கடைசிவரை. நான் பழையபடி பதினொரு வயதில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒரு பிரதி பதிந்து வாங்கிக்கொண்டு, அவன் கம்ப்யூட்டரில் உள்ளதை என் கண்முன்னே அழிக்கச் சொன்னேன். கெஞ்சினான். அழித்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. கோபம் ஆள் பார்த்து விழுவதில்லை, என் கோபமும் அப்படித்தான்.

அவன் எங்கோ சொல்லியிருக்கிறான். அதுதான் செயலாளரின் போன். விழா அன்று ஹாலில் பெரிய ஸ்பீக்கர் வைத்து அந்தப் பாட்டைப் போடவேண்டுமாம். "நம்ம சபைக்க முதல் பாட்டுக்காரி இல்லியா ஆன்ட்டி." திரையில் மாமியின் படம் வருமாம். அதற்குக் கீழே, இதைப் பாதுகாத்துத் தந்தவர் என்று அவன் தாத்தாவின் படமும் வருமாம்.

"மக்கா, உனக்க தாத்தாக்க வலது கை தெரியுத மாதிரி ஒரு படம் இருந்தா அதையே போடு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. தாத்தா சொல்லியிருக்கமாட்டார்.

பாட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி, விழா அன்றுதான் திறக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, அனுப்பியும்விட்டேன். அதனால் விழா அன்று நீங்கள் ஆறு பேரும் முன்வரிசையில் போய் உட்காருங்கள். முட்டுவலி, பிரஷர் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். தாத்தா பாட்டை வைத்துக்கொண்டு பெயரை மறைத்தார். நான் பேரனுக்குப் பெயரை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்பது விநாடி. எல்லாரும் பாட்டுக்குக் காத்திருப்பார்கள். முதலில் கரகரவென்று எண்ணெய் காயும். ஒரு மூச்சு, ஒரு செருமல். பிறகு அந்த ஹாலில், அந்தக் கமிட்டிக்கு முன்னால், பதினேழு வயதுப் பெண் சொல்லுவாள்:

"நான் காரோடு ஞானத்தங்கம்."

அதோடு சத்தம் நின்றுவிடும். பாட்டு எங்கே என்று கேட்பார்கள். பாட்டு என் வீட்டில் இருக்கிறது. தினமும் நாலு மணிக்குக் காப்பி குடிக்கும்போது கேட்கிறேன். கேட்க ஆசைப்பட்டால் நீங்கள் வரலாம், உங்களில் அன்று தாழியை உடைத்த பாவி என்று சொன்னவள் தவிர.